எட்டாம் பாரம்

நூற்றுப் பத்தொன்பதாம் பக்கத்தில்
ஆவுடைத்தங்கத்தைக் கொன்றேன்.
குறுக்குத்துறை. ஐப்பசி வெள்ளம். காலை ஆறே கால்.
கல்மண்டபத் தூண்கள் கழுத்துவரை நனைந்திருந்தன.
அடித்தது ஐந்நூறு பிரதி.
ஐந்நூறு தடவையும் செத்தாள் என்றுதான்
பதினொரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மேலப்பாளையத்திலிருந்து போன்.
செருப்புக்கடை பீர்மைதீனாம்.
"சார், ஜங்ஷன் பழைய புத்தகக் கடையில
பன்னெண்டு ரூவாய்க்கு எடுத்தேன் உங்க நாவல.
ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.
அந்தப் பொம்பள ஏன் ரெண்டு தடவ நூல்கண்டு வாங்குதா?"

ஒரு தடவைதானே வாங்கினாள்?

"ரெண்டு தடவ சார்.
அதே கீழ ரத வீதி, அதே பச்ச நூலு.
மொத தடவ தும்முன எடத்துலயே
கடக்காரன் திரும்பவும் தும்முதான்.
அம்பாசமுத்திரம் பஸ்ஸுல அதே ஜன்னலோரம்.
எனக்கு மயிர்க்கூச்சு எடுத்துட்டு.
அப்பொறம் ஒரு வார்த்த கிடையாது,
நேரா போலீஸ்காரன் புருசன்ட்ட கேக்கான்,
'எங்கவே போனா?'ன்னு.
என்னமா எழுதியிருக்கீய!"

புரிந்துவிட்டது.
பேட்டையில் பைண்டர் எவனோ தூக்கக் கலக்கத்தில்
ஏழாம் பாரத்தை இரண்டு தரம் அடுக்கித் தைத்திருக்கிறான்.
எட்டாம் பாரம் இல்லை.
எட்டாம் பாரத்தில்தான் ஆறு இருந்தது.

அது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.
பதினொரு வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம்
"என்னமா எழுதியிருக்கீய" என்றதில்லை.
"ஆமா, யோசிச்சுத்தான் அப்படி வச்சேன்" என்றேன்.
என் நாவலில் புருஷன்காரன்
போலீஸிடம் புளுகும்போதும்
இதே குரலில்தான் புளுகுவான்.

மறுநாள் கடைக்கே போய்விட்டேன்.
தோல் வாருக்கும் பசை டப்பாவுக்கும் நடுவில் கிடந்தது
என் புத்தகம்.
ஓரமெல்லாம் பென்சில்.
"நான்தான் கிறுக்கினேன், தப்பா எடுத்துக்கிடாதீய."
தொண்ணூற்றெட்டாம் பக்கம்:
'இவளுக்கு ஏன் ஒரு செருப்பு வாங்கித் தரல?'
வாஸ்தவம்.
சித்திரை வெயிலில், டவுன் தார்ரோட்டில்,
முதல் பக்கத்திலிருந்து வெறுங்காலோடு நடத்தியிருக்கிறேன்.
எனக்கே தெரியாது.
இரண்டாவது தொண்ணூற்றெட்டில், அதே கை:
'இப்பவும் தரல.'

இரண்டாவது நூற்று மூன்றில் இன்னொரு குறிப்பு:
'கடைக்காரர் எட்டணா குறைச்சுத் தந்தார்.
ரெண்டு தடவையும்.
நீங்க கவனிக்கல.'

"இதுவும் நீங்களா?"
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தை முகத்தருகே பிடித்தார்.
"இல்லியே. நான் வாங்கும்போது இது இல்ல."

பின்பக்கம் சாய்ந்த எழுத்து.
எழுதிய கையே மேலேறித் தேய்த்துக்
கலங்கிப்போன வரி.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவளை
இடக்கைக்காரி என்று எழுதியவன் நான்.
கதைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.
அந்த நேரத்துக்குச் சும்மா தோன்றியது.

"கடைக்கு யாரும் வந்தாங்களா?"

"தெனமும் எத்தன பேரு வாராவ, யாரன்னு சொல்ல?
போன வாரம் ஒரு அம்மா.
ஆறாம் நம்பர் கேட்டாவ. போட்டுப் பாத்தாவ.
நான் குடுத்த சில்லறய
ரெண்டு தடவ எண்ணுனாவ."

டீ சொன்னார். குடித்தேனா, நினைவில்லை.
பாலத்தில் பஸ் நின்றபோது
கீழே ஆறு முழங்கால் அளவுகூட இல்லை.

ராத்திரி பரணிலிருந்து கட்டை இறக்கினேன்.
விற்காத நாற்பத்தாறு பிரதி.
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
எல்லாவற்றிலும் எட்டாம் பாரம் இருக்கிறது.
எல்லாவற்றிலும் ஆறே கால், வெள்ளம், கல்மண்டபம்.
எல்லாவற்றிலும்
தண்ணீர் தொடாத மேல்படியில்
கழற்றி வைத்த ஒரு ஜோடிச் செருப்பு.

அப்படி ஒரு வரி நான் எழுதவே இல்லை.
பக்க எண்ணை
இரண்டு தடவை பார்த்தேன்.